சம்பங்கி நிழல்

செடியை ஏறெடுத்துப் பார்க்காமலே ஒருவர் தோட்டக்கலை சொல்லிக்கொடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒரு வருஷம் உட்கார்ந்து பாடம் கேட்ட பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அது ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட். தோட்டக்கலையிலும் லேண்ட்ஸ்கேப்பிங்கிலும் டிப்ளமோ. பிரின்சிபால், வாத்தியார், ஆள் பிடிப்பவர் எல்லாம் அங்கே ஒருவரே. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கோப் சார். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற வார்த்தை அதுதான். எதிர்காலம், வாய்ப்பு, சம்பளம், கௌரவம் என்று நாம் தனித்தனியாகச் சொல்வதையெல்லாம் அவர் அந்த ஒரு வார்த்தையில் அடக்கிவிடுவார். ரோஜாவுக்கு ஸ்கோப் இருக்கிறது, ஓசூர் பக்கம் பசுமைக்குடில் போட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். ஆர்க்கிடுக்கு இருக்கிறது. துளசிக்கு அவ்வளவாக இல்லை. எங்களில் ஒருத்தி விளையாட்டாக, “சார், அரளிக்கு?” என்று கேட்டாள். அவர் சீரியஸாக யோசித்தார். “ஹைவே ப்ராஜெக்ட்ல ஸ்கோப் இருக்கு மா. ரோட்டு நடுவுல வெக்கறாங்கல்ல” என்றார். அரளிப்பூ என்ன நிறம் என்று அடுத்ததாகக் கேட்டிருந்தால் மனிதர் தடுமாறியிருப்பார்.

வெள்ளை ஷூ போட்டு வருவார். தோட்டக்கலைக்காரனுக்கு வெள்ளை ஷூ எதற்கு என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. அந்த ஷூவில் ஒரு நாளாவது மண் ஒட்டிப் பார்த்ததில்லை. அவர் மேசையில் ஒரு மணி பிளான்ட் இருந்தது, பளபளவென்று. சேர்ந்த வாரம் அதற்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். “அது பிளாஸ்டிக் மா, சும்மா எதுக்கு ஊத்தறே? நெஜ செடின்னா மெயின்டனன்ஸ் ஜாஸ்தி” என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சாரிடம் ஏட்டிலும் சுரைக்காய் கிடையாது.

ப்ராக்டிகல் என்பது மொட்டை மாடியில் இருந்த சில தெர்மோகோல் பெட்டிகள். நாங்கள் மேலே போய் கீரை விதைப்போம், அவர் கீழேயே ஃபேனுக்கு அடியில் இருப்பார். வெயில் ஒத்துக்கொள்ளாதாம். முளைத்ததா என்று கேட்க மாட்டார். முளைத்ததை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார். போட்டோவில் பெட்டி தெரியக்கூடாது, எங்கள் முகம் தெரிய வேண்டும். கீரையைப் பூச்சி அரித்து ஓட்டையாகிப் போன வாரம்கூட அவர் பார்த்துவிட்டு, “எல்லாரும் சிரிச்சிருக்கலாம்” என்று பதில் போட்டார்.

ஒரு முறை லால்பாக் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு அந்த இடம் புதிதல்ல, இங்கேயே விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். நகரத்துக்கு வெளியே ஹெப்பகோடியிலிருந்து வகுப்புக்கு வந்துகொண்டிருந்த சுமதிக்கு அது முதல் தடவை. அவள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றுவிட்டாள். “இது என்னா மரம் சார்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பெயர்ப் பலகை இருந்த மரத்துக்கெல்லாம் சார் பலகையைப் படித்துச் சொன்னார். பலகை இல்லாத ஒரு பெரிய மரத்துக்கு முன்னால் அவள் நின்றபோது மேலே பார்க்காமலே, “அது சிலபஸ்ல இல்ல மா” என்று சொல்லிவிட்டு நடந்தார். பிறகு எங்களைப் புல்லில் உட்காரவைத்து இன்டர்வியூவில் எப்படிக் கைகொடுப்பது என்று வகுப்பு எடுத்தார். சுற்றிலும் அத்தனை மரம், அத்தனை பூ. அவர் எங்களுக்குக் கற்றுத் தந்தது கைகுலுக்குவது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த கதையெல்லாம் அவரே வகுப்பில் சொன்னதுதான். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு, மார்க் பத்தாமல், கவுன்சலிங்கில் கடைசியாக மிஞ்சியிருந்த தோட்டக்கலை டிகிரியில் போய் விழுந்தவர். விழுந்தவர் என்பது அவர் வார்த்தை. படிக்கும் காலம் முழுக்க அதிலிருந்து எப்படி எழுந்து வெளியே போவது என்பதையே படித்திருக்கிறார். பேங்கில் விவசாய ஆபீசர் பரீட்சை எழுதினார். ஃபாரஸ்ட் பரீட்சை எழுதினார். விதைக் கம்பெனியில் கொஞ்ச நாள் டை கட்டிக்கொண்டு சுற்றினார். எதுவும் நிலைக்கவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, கடைசியில் எங்களுக்கு வாத்தியாரானார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு அவர் அப்பா அவரோடு பேசவில்லையாம், மறுநாளும் பேசவில்லையாம். அதைக் கேட்டு எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகியது உண்மைதான். அடுத்த பதிலிலேயே அவர் அதைக் கெடுத்தார்.

நான் கேட்டேன், “சார், உங்க பையனும் இதான் படிக்கிறாரா?”

“சேச்சே. அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவனுக்குத்தான் மார்க் வந்துடுச்சே மா.”

மார்க் வராமல் அங்கே உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு அது புரியவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அன்றைக்கு முதல் எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சுமதிக்கு வரவில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பெண் அவள். திருப்பத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு ஹெப்பகோடி பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, அக்கா கார்மென்ட்ஸில் பட்டன் ஓட்டை போடுகிற காஜா மெஷின் ஓட்டினாள். சுமதியையும் அங்கேயே சேர்த்துவிட வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. இவள் அழுது அடம்பிடித்து இந்தப் படிப்புக்கு வந்தாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படிப்பு முடிந்து கிடைக்கிற வேலையில் நிலைத்து நின்றுவிட்டால் அப்புறம் கார்மென்ட்ஸ் பேச்சே எடுக்க மாட்டார், நிற்கவில்லை என்றால் அக்காவோடு கம்பெனி பஸ் ஏற வேண்டும். மண்ணைத் தொட்டால் அவள் முகமே மாறும். மொட்டை மாடிப் பெட்டிகளில் கீரை ஒழுங்காக முளைத்ததென்றால் அது அவள் பெட்டியில் மட்டும்தான்.

இனி நான் சொல்லப்போகிற வகுப்பு எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பெங்களூரில் கஸ்டமர் கன்னடத்தில்தான் பேசுவான், அதனால் செடிகளுக்குக் கன்னடப் பெயர் தெரிந்திருந்தால் நல்ல ஸ்கோப் என்று சார் ஆரம்பித்தார். மல்லிகைக்கு மல்லிகே, தாமரைக்குத் தாவரே என்று வரிசையாக வந்தார். பிறகு, “சம்பிகேன்னா நம்ம சம்பங்கி. உச்சரிப்புதான் வேற. இங்கிலீஷ்ல ட்யூப்ரோஸ்” என்றார்.

சம்பங்கி என்றால் நம் பக்கத்தில் மாலைக்குக் கட்டுகிற வெள்ளைப் பூ. கிழங்கு நட்டால் வருவது, முழங்கால் உயரச் செடி. கன்னடத்தில் அதற்கு சுகந்தராஜா என்று பெயர். சம்பிகே என்றால் செண்பகம், வீட்டை விட உயரமாகப் போகிற மரம். பெயர் காதில் ஒன்றுபோல விழுவதால் இங்கே வரும் நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் அது. தடுக்கி விழுவது தப்பில்லை. இரண்டு செடியில் ஒன்றையாவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் வாத்தியார் விழுந்திருக்க மாட்டார்.

நான் எழுந்து, “சார், மல்லேஸ்வரத்துல சம்பிகே ரோடு இருக்கே. அது மரத்தோட பேருதான?” என்றேன்.

“ரோடுக்குப் பேரு வெச்சவன் ஹார்ட்டிகல்சர் படிச்சானா?” என்றார் சார்.

வகுப்பு சிரித்தது. “இல்ல சார், நெஜமாவே சம்பிகேன்னா செண்பகம்” என்று மறுபடி சொன்னேன். உட்காரச் சொன்னார், எப்போதும் குறுக்கே பேசுகிறேனாம். மத்தியானம் சுமதியிடம், “அவர் சொன்னதை நம்பாதே” என்றேன். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “போடி, சார் டிகிரி படிச்சவரு” என்றாள்.

படிப்பு முடிந்ததும் அவளுக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. அபார்ட்மென்ட்களுக்குத் தோட்டம் போட்டுத் தருகிற ஒரு கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். பச்சைச் சட்டை, கழுத்தில் ஐ.டி. கார்டு. அவள் அப்பா அந்தக் கார்டை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தாராம். முதல் பெரிய வேலை ஒரு அபார்ட்மென்ட் வாசல். அசோசியேஷன் தலைவர் ரிடையரான கன்னடக்காரர். உள்ளே போகிற நடைபாதையின் இரண்டு பக்கமும் சம்பிகே வேண்டும் என்று கேட்டிருந்தார். சாயங்காலம் அவரும் அவர் மனைவியும் அங்கேதான் நடப்பார்கள். பத்து வருஷம் கழித்தாவது நிழலில் நடக்கலாம், மேலே பூ வாசம் வரும் என்று ஆசை. சுமதி காதுக்கு வந்தது சம்பிகே என்ற பெயர் மட்டும்தான்.

சுமதி, சார் சொல்லித் தந்தபடி ட்யூப்ரோஸ் கிழங்கு வேண்டும் என்று ஆபீசுக்குச் சொன்னாள். சொன்னதை வாங்கிப் போடுவதுதான் அவர்கள் வேலை, மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. தலைவர் வெளியூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிருந்த மாதம் அது. நட ஆரம்பித்த அன்றே அவள் சந்தோஷம் தாங்காமல் சாருக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். மண்ணில் மண்டியிட்டு, இரண்டு கையிலும் கிழங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே, “சார், சம்பிகே நட ஆரம்பிச்சிட்டோம்” என்று எழுதியிருந்தாள். சார் உடனே பதில் போட்டார்: “சூப்பர் மா. நல்ல ஸ்கோப்.”

தலைவர் திரும்பி வந்து பார்த்தார். நடைபாதையின் இரண்டு பக்கமும் பாத்தி கட்டி, வெங்காயத் தாள் மாதிரி பச்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மர எல்லம்மா?” என்றார். மரம் எங்கே என்று கேட்கிறார்.

“பருத்தே சார்” என்றாள் சுமதி, தன் அரைகுறைக் கன்னடத்தில். வரும் சார். எப்போது வளரும் என்று கேட்கிறார் என்று நினைத்துவிட்டாளாம்.

“இது சம்பிகேனா?”

“ஹௌது சார்.” ஆமாம் என்றாள்.

மனிதர் கோபப்படவில்லையாம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கு அடியில நாம எப்படி நடக்கறது?” என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் சுமதிக்கு உறைத்தது. இதை என்னிடம் சொல்லும்போது, அவர் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன் என்றாள்.

அவள் மேனேஜர் கெட்டவர் இல்லை. “உனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்கன்னு உங்க சார் ஒரே ஒரு போன் பண்ணட்டும். ட்ரெயினிங் மிஸ்டேக்னு ஓனர்கிட்ட சொல்லி உன்னை வெச்சுக்கறேன்” என்றார். ஒரே ஒரு போன். அவள் வேலையும் கார்மென்ட்ஸ் பஸ்ஸும் அந்த போனில்தான் இருந்தன. சுமதி அழுதுகொண்டு என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேருமாக சிவாஜிநகருக்குப் போனோம்.

பிளாஸ்டிக் மணி பிளான்டுக்குப் பின்னால் சார் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் ஆச்சரியப்பட்டார்.

“நானா? நான் எதுக்கு மா அப்படிச் சொல்றேன்?”

“நான் சம்பிகே ரோடுன்னு கேட்டேனே சார்” என்றேன். “ரோடுக்குப் பேரு வெச்சவன் ஹார்ட்டிகல்சர் படிச்சானான்னு நீங்க கேட்டீங்க. க்ளாஸே சிரிச்சுது.”

“நீ எப்பவுமே க்ளாஸ டிஸ்டர்ப் பண்ணுவே.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுமதி போனை எடுத்து அந்த போட்டோவைக் காட்டினாள்.

“இத உங்களுக்கு அனுப்பினேனே சார். கையில கெழங்கு இருக்கு பாருங்க. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்.”

சார் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கிழங்கைப் பெரிதாக்கவில்லை, அவள் கழுத்தைப் பெரிதாக்கினார்.

“கைய யாரு மா பார்த்தா? நான் ஐ.டி. கார்டைத்தான் பார்த்தேன்” என்றார்.

இதைவிட நேர்மையாக அவர் தன்னைப் பற்றி எப்போதும் பேசியதில்லை என்று நினைக்கிறேன். சுமதி அப்போதும் விடவில்லை. “ஒரே ஒரு போன் சார். எங்கப்பா...” என்று ஆரம்பித்தாள், சார் குறுக்கே பேசினார்.

“கேளு மா. க்ளாஸ்ல தப்பாச் சொல்லிட்டேன்னு நானே போன் போட்டுச் சொன்னா அடுத்த பேட்ச்சுக்கு எவன் வருவான்? இன்ஸ்டிட்யூட் பேரு என்னாவும்? அது எந்தப் பூவா வேணா இருந்துட்டுப் போகட்டும், விடு.” கொஞ்சம் யோசித்தார். பிறகு அவளுக்கு நல்லது செய்கிற முகத்தோடு கேட்டார். “நீ ஹெப்பகோடிதான? அங்க கார்மென்ட்ஸ் நிறைய இருக்கே. க்வாலிட்டி செக்கிங்ல சேர்ந்துடு. நல்ல ஸ்கோப் மா.”

எனக்குக் கை துறுதுறுத்தது. அந்த மணி பிளான்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்கலாம், விழுந்தாலும் அது சாகாது. “உங்ககிட்ட படிச்சது எங்க தலையெழுத்து சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். பாதி வழியில்தான் ஒன்று உறைத்தது. அவ்வளவு நேரம் பேசினோம், சம்பிகே என்றால் சரியாக எந்தப் பூ என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.

போன் போகவில்லை. சுமதி வேலை போனது. அந்த வாரமே அக்காவோடு கம்பெனி பஸ் ஏறினாள்.

நான் ஓசூர் ரோடு பக்கம் ஒரு நர்சரியில் சேர்ந்து, திட்டு வாங்கி, கை காய்த்து, இப்போது பதியன் போடும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து தோட்டக்கலை படிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கலாம், டிகிரி வேண்டுமென்றால் விவசாயப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள், டிப்ளமோ என்றால் தோட்டம் இருக்கிற இடமாகப் பாருங்கள், சேரும் முன்னால் வாத்தியாரின் ஷூவைப் பாருங்கள் என்று சொல்கிறேன். கடைசியாகச் சொல்வதை ஜோக் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். நான் ஜோக் அடிப்பதில்லை.

போன மாதம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். துணிக்கடை மாடியில் புது பேனர் தொங்கியது. வேலையில் அமர்ந்த எங்கள் மாணவர்கள் என்று தலைப்பு. நடுவில், மற்ற எல்லாரையும்விடப் பெரிதாக, சுமதி. அதே போட்டோ. பச்சைச் சட்டை, ஐ.டி. கார்டு, இரண்டு கையிலும் கிழங்கு. அவளை வேலையை விட்டுத் துரத்திய கிழங்கையே தூக்கிக் காட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடு ரோட்டில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுமதி என் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“எங்க கம்பெனி லைன்ல ஒரு பொண்ணு இருக்கா. அவ தங்கச்சி அங்கதான் சேர்ந்திருக்கா. ‘அக்கா, உங்க போட்டோவப் பார்த்துட்டுத்தான் சேர்ந்தா’ன்னு எங்கிட்டயே சந்தோசமா வந்து சொல்றா” என்றாள்.

“நீ என்ன சொன்னே?”

“பணம் கட்டிட்டாங்க, என்னத்தச் சொல்றது? சம்பிகேன்னா என்னா பூன்னு ஒருவாட்டி சாரக் கேக்கச் சொல்லுன்னேன்.”

“கேட்டாளா?”

“ம், கேட்டாளாம்.”

“என்ன சொன்னாராம்?”

சுமதி சுடிதாரில் ஒட்டியிருந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள்.

“நம்ம சம்பங்கிதான் மா, உச்சரிப்புதான் வேறன்னாராம்.”